வெட்டவெளியில் இழை சேர்க்கும் அயனிகள்

அடுப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, காற்று என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆனாலும் விண்வெளியில் கார்பன் மூலக்கூறுகள் வளர்ந்துகொண்டே போகின்றன. இது எப்படி என்று கணக்குப் போடுகிறவர்களில் திருவனந்தபுரத்துக்காரர்களும் உண்டு.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கு முன்னால் வரும் ஊர் பாலராமபுரம். கசவுக்கரை வேட்டிக்கும் சேலைக்கும் பேர்போன ஊர். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில், தமிழ் பேசும் பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் குடும்பங்கள் இங்கே தறி போட்டன என்கிறது ஊர் வரலாறு. 2009-ல் இந்தத் துணிகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தறியில் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழையை முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அவசரப்பட்டால் காரியம் கெடும்.

இதே மாவட்டத்தில், தலைநகரைத் தாண்டி வடக்கே கடலோரமாகப் போனால் தும்பா. அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்குள் இருக்கும் விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தில் வேறு மாதிரியான பிணைப்பு வேலை நடக்கிறது. அங்கே இழைகளுக்குப் பதில் அணுக்கள். சனி கிரகத்தின் நிலவான டைட்டனின் மேல்மண்டலத்தில் எந்த அயனி எதனோடு சேர்ந்து எதுவாக மாறுகிறது என்ற கணக்கை இந்த ஆய்வகத்தின் விருந்தா முகுந்தனும், முன்பு இதன் இயக்குநராக இருந்து 2017-ல் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைமைக்குப் போன அனில் பரத்வாஜும் சேர்ந்து போட்டார்கள். 2018-ல் அமெரிக்க வானியல் ஆய்விதழ் ஒன்றில் அது வெளியாயிற்று.

டைட்டன் இருப்பது 120 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே நடக்கும் ரசாயனத்தில் இங்கே இருப்பவர்களுக்கு என்ன அக்கறை? உயிர் உருவாவதற்கு வேண்டிய கார்பன் சரக்கு பூமியிலேயே தயாரானதா, வானத்திலிருந்து வந்து சேர்ந்ததா என்ற பழைய கேள்விக்கு விடை தேடும் வழிகளில் இது ஒன்று. அந்த விடையோ இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை.

குளிரில் எப்படிக் காரியம் நடக்கும்?

பள்ளிக்கூட வேதியியல் சொல்வது இது: இரண்டு மூலக்கூறுகள் வினைபுரிய வேண்டுமானால் முதலில் ஒரு மேட்டை ஏறிக் கடக்க வேண்டும். அதற்குச் சக்தி தேவை. அந்தச் சக்தியைக் கொடுப்பதற்குத்தான் அடுப்பு. எரிவாயுவும் காற்றும் எத்தனை நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும், தீக்குச்சி கிழிக்கும்வரை எரிவதில்லை.

நட்சத்திரங்களுக்கு இடையே கிடக்கும் இருண்ட மேகங்களில் தீக்குச்சிக்கு வழியில்லை. ரிஷப ராசிப் பக்கம், சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் மேகத்தில் வெப்பநிலை மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. அந்த மேகத்தில் அதே அளவு இடத்தில் இருப்பது ஏறத்தாழ 10,000 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் மட்டும்தான். ஒன்றையொன்று சந்திப்பதே அபூர்வம். சந்தித்தாலும் மேடு ஏறத் தெம்பில்லை.

அதனால் விண்வெளியில் பெரிய மூலக்கூறுகள் இருக்க வழியில்லை என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1968-ல் அம்மோனியாவும் அடுத்த ஆண்டு ஃபார்மால்டிஹைடும் ரேடியோ தொலைநோக்கிகளில் சிக்கியபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இன்று கணக்கில் உள்ள விண்வெளி மூலக்கூறுகள் 300-க்கும் மேல்.

இந்தப் புதிருக்கு விடை அயனி. ஓர் அணுவோ மூலக்கூறோ ஒரு எலெக்ட்ரானை இழந்துவிட்டால் அது நேர்மின் அயனி. கூடுதலாக ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எதிர்மின் அயனி. மின்னூட்டம் பெற்ற ஒன்று, பக்கத்தில் வரும் சாதாரண மூலக்கூறின் எலெக்ட்ரான்களைச் சற்றே ஒருபக்கமாக இழுக்கிறது; அதனால் அந்த மூலக்கூறு தன்னை நோக்கி வரும்படி செய்கிறது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளுக்கு மேலே காட்டினால் அவை தாவி ஒட்டிக்கொள்வதைப் போலத்தான். இந்த ஈர்ப்பிலிருந்தே போதிய சக்தி கிடைத்துவிடுவதால், பெரும்பாலான இத்தகைய வினைகளுக்கு மேடு என்ற தடையே இல்லை. எத்தனை குளிரானாலும் நடக்கும். பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சவின் 1905-லேயே இதற்கான கணிதத்தைத் தந்துவிட்டார். அந்தக் கணக்கின்படி, ரிஷப ராசி மேகத்தில் ஓர் அயனி ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றோடு மோதி வினைபுரியச் சுமார் 28 மணி நேரம் ஆகும். நமக்கு அது நீண்ட நேரம். லட்சக்கணக்கான ஆண்டுகள் வாழும் மேகத்துக்கு அது கண்ணிமைப்பு.

முதல் இழை

அந்த மேகத்துக்குள் வெளிச்சம் போகாது. ஆனால் காஸ்மிக் கதிர்கள் போகும். அவற்றில் ஒன்று ஹைட்ரஜன் மூலக்கூறை இடித்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது. குறிப்பிட்ட ஒரு மூலக்கூறின் மீது இப்படி அடி விழுவது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுக்கு ஒரு முறைதான். ஆனால் மேகத்தில் உள்ள மூலக்கூறுகள் கணக்கற்றவை என்பதால், எங்காவது ஓரிடத்தில் ஒவ்வொரு நொடியும் அடி விழுந்துகொண்டே இருக்கிறது.

அடிபட்ட ஹைட்ரஜன், பக்கத்தில் உள்ள இன்னொரு ஹைட்ரஜன் மூலக்கூறிடமிருந்து ஓர் அணுவை வாங்கிக்கொண்டு, மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட அயனியாகிறது. ஜே. ஜே. தாம்சன் 1911-ல் தன் ஆய்வகக் குழாயில் கண்ட அதே அயனி. 1980-ல் தகேஷி ஓகா ஆய்வகத்தில் அதன் நிறமாலையைப் பதிவுசெய்தார். அதை வானத்தில் தேடி ஓகாவும் தாமஸ் கெபாலேயும் கண்டுபிடித்த ஆண்டு 1996.

இந்த அயனியின் குணம் தாராளம். தன்னிடமுள்ள ஒரு புரோட்டானை எதிரில் வரும் யாருக்கும் கொடுத்துவிடும். கார்பன் அணுவுக்குக் கொடுத்தால் கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அயனி பிறக்கிறது. அது ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறோடு மோதி இரண்டு ஹைட்ரஜன் கொண்டதாகிறது. மறுபடி மோதி மூன்று கொண்டதாகிறது. இதுதான் மீத்தைல் அயனி.

அங்கே வந்ததும் ஓட்டம் சட்டென்று தடைபடுகிறது. மீத்தைல் அயனிக்கு ஹைட்ரஜனோடு சேர்வதில் அவ்வளவு நாட்டமில்லை. எங்கும் ஹைட்ரஜனாகவே இருக்கும் மேகத்தில் இது பெரிய சௌகரியம். ஹைட்ரஜன் வீணாக்கிவிடாததால், அந்த அயனி அபூர்வமாக வரும் நீர், அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு போன்றவற்றுக்காகக் காத்திருக்க முடிகிறது. அவற்றோடு சேரும்போதுதான் சரக்கு சிக்கலாகிறது. கடைசியில் சுற்றித் திரியும் ஒரு எலெக்ட்ரான் வந்து ஒட்டியதும் அயனி மின்னூட்டம் இழந்து, ஏதாவது ஒரு துண்டை உதறிவிட்டு, நிலையான மூலக்கூறாக நிற்கிறது.

எரிக் ஹெர்ப்ஸ்ட், வில்லியம் கிளெம்பரர் இருவரும் 1973-ல் இந்தக் கணக்கை முழு வடிவில் முன்வைத்தார்கள். வில்லியம் வாட்சன் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். கிளெம்பரருக்கு அதற்கு முன்பே ஒரு வெற்றி இருந்தது. 1970-ல் வானிலிருந்து வந்த ஒரு ரேடியோ அலையின் சொந்தக்காரர் யாரென்று தெரியாமல் கண்டுபிடித்தவர்கள் அதற்கு ‘எக்ஸோஜென்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கார்பன் மோனாக்சைடு ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டதால் உண்டான அயனி என்றார் கிளெம்பரர். 1975-ல் ஆய்வகச் சோதனை அவர் சொன்னதை உறுதிசெய்தது.

ஆனால் சங்கிலியின் நடுக்கண்ணியான மீத்தைல் அயனி மட்டும் விண்வெளியில் அகப்படவே இல்லை. அதன் சமச்சீர் வடிவத்தால் ரேடியோ தொலைநோக்கிக்கு அது தெரியாது. 2023-ல்தான் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, மிருகசீரிஷம் இருக்கும் ஓரியன் மண்டலத்தில், சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில், ஓர் இளம் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள தட்டில் அதன் அகச்சிவப்பு அடையாளத்தைப் பிடித்தது. ஊகித்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்த சாட்சி.

ஆரஞ்சு நிலவு

இந்த வேலையை அருகிருந்து பார்க்கக் கிடைத்த இடம் டைட்டன். புதன் கிரகத்தைவிடப் பெரிய நிலவு. பூமியைவிட அடர்ந்த காற்று மண்டலம். அதில் பெரும்பகுதி நைட்ரஜன், மிச்சத்தில் முக்கியமானது மீத்தேன். அதை மூடியிருக்கும் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் எங்கிருந்து வருகிறது என்பது நீண்ட காலக் கேள்வி.

1997-ல் கிளம்பி 2004-ல் சனியை அடைந்த கேசினி விண்கலம், 2017-ல் சனிக்குள் விழுந்து முடியும்வரை பலமுறை டைட்டனைக் கடந்தது. சில முறை 1,000 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி மேல்மண்டல வாயுவுக்குள்ளேயே புகுந்து போயிற்று. அதிலிருந்த நிறமாலைமானிகள் அயனிகளை எடைவாரியாகப் பிரித்து எண்ணின.

அங்கே கதிரவனின் புற ஊதாக் கதிரும் சனியின் காந்த மண்டலத்து எலெக்ட்ரான்களும் நைட்ரஜனை அயனியாக்குகின்றன. நைட்ரஜன் அயனி மீத்தேனை உடைக்கிறது. மீத்தைல் அயனி பிறக்கிறது. அது இன்னொரு மீத்தேனோடு சேர்ந்து இரண்டு கார்பன் கொண்ட எத்தில் அயனியாகிறது. எத்தில் அயனி தன் புரோட்டானை ஹைட்ரஜன் சயனைடுக்குக் கொடுக்கிறது. மூன்றே படி. டைட்டனின் மேல்மண்டலத்தில் மிக அதிகமாகக் காணப்படும் அயனி இந்த மூன்றாவது படியில் வருவதுதான். ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. ஆறு கார்பன் வளையமான பென்சீனும் அதே உயரத்திலேயே இருந்தது.

உண்மையான அதிர்ச்சி எதிர்மின் அயனிகளால் வந்தது. யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு அவை இருந்தன. சில, ஹைட்ரஜன் அணுவைப்போல 13,800 மடங்கு எடை கொண்டவை. பென்சீனின் எடை வெறும் 78. வாயு நிலையில், அத்தனை உயரத்தில், இத்தனை கனமான சரக்கு உருவாக முடியும் என்று பழைய கணக்கு எதுவும் சொன்னதில்லை. இவைதான் மெல்ல இறங்கிப் பருத்து ஆரஞ்சுப் புகைமூட்டத்துக்கு வித்தாகின்றன என்பது இன்றைய கருத்து.

இந்த இடத்தில்தான் திருவனந்தபுரத்துக் கணக்கு வருகிறது. கனமான எதிர்மின் அயனிகளைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் எடை குறைந்த எதிர்மின் அயனிகள் எப்படிப் பிறந்து எப்படி அழிகின்றன என்று தெரிய வேண்டும். எலெக்ட்ரான் மோதி மீத்தேன் உடையும்போது ஹைட்ரஜனின் எதிர்மின் அயனி பிறக்கிறது. அது ஹைட்ரஜன் சயனைடிடமிருந்து புரோட்டானைப் பறித்துக்கொள்கிறது. சயனைடு அயனி மிஞ்சுகிறது. இதேபோல நீண்ட கார்பன் சங்கிலி கொண்டவையும் உருவாகின்றன. இப்படி ஒவ்வொன்றாக வரவு செலவு எழுதி, எந்த உயரத்தில் எது எவ்வளவு என்று மதிப்பிட்டு, கேசினி அளந்ததோடு ஒப்பிடுவதுதான் விருந்தா முகுந்தன் – பரத்வாஜ் கணக்கின் சாரம்.

தும்பாவுக்கு ஏன் அயனி?

தும்பாவுக்கு அயனிகள் புதியவை அல்ல. இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் 1963 நவம்பர் 21-ல் இங்கிருந்து கிளம்பியதற்கே அதுதான் காரணம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பகுதியின் வழியே போவதால், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் அயனிகளும் எலெக்ட்ரான்களும் சேர்ந்து ஓடும் வலுவான மின்னோட்டத்தை இங்கிருந்து ஆராயலாம்.

பாலராமபுரத்து ஓட்டு வீடுகளுக்கு மேலேயும் அயனி வேதியியல் நடந்துகொண்டே இருக்கிறது. சுமார் 80 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு புரோட்டானைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக் கொத்தாகின்றன. ராக்கெட்டில் அனுப்பிய கருவி 1960-களில் இதைக் கண்டது. டைட்டனில் மீத்தேன், இங்கே நீர். அயனி இழுக்க மற்றது ஒட்டும் அடிப்படை ஒன்றே.

இந்த ஆய்வகம் கணக்கோடு நிற்பதும் இல்லை. 2008 நவம்பர் 14-ல் நிலவின் மேல் விழுந்த சந்திரயான்-1 மோதுகலத்தில் இருந்த ‘சேஸ்’ கருவியும், 2014 செப்டம்பர் 24-ல் செவ்வாயை அடைந்த மங்கள்யானில் இருந்த ‘மென்கா’ கருவியும் இங்கே உருவானவை. இரண்டும் நிறை நிறமாலைமானிகள். உள்ளே வரும் வாயுவின் மீது எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி அயனியாக்கி, எடை பார்த்துப் பிரிக்கின்றன. காஸ்மிக் கதிர் மேகத்தில் செய்வதைக் கருவி ஒரு டப்பாவுக்குள் செய்கிறது.

கணக்கு இடித்தபோது

காகிதத்தில் அழகாக இருக்கும் வினை, சோதனையில் காலை வாரிவிட்டதும் உண்டு. மெத்தனால் அதற்கு உதாரணம். மீத்தைல் அயனி நீரோடு சேர்ந்து, பிறகு ஒரு எலெக்ட்ரானைப் பிடித்தால் மெத்தனால் கிடைக்கும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 2006-ல் ஸ்டாக்ஹோம் சேமிப்பு வளையத்தில் வொல்ஃப் கெப்பர்ட் குழு சோதித்தபோது, எலெக்ட்ரான் ஒட்டியதும் பெரும்பாலும் மூலக்கூறு துண்டுதுண்டாகச் சிதறியது. மெத்தனாலாக மிஞ்சியது நூற்றுக்கு 3 பங்கு அளவுதான். வானில் காணப்படும் மெத்தனாலுக்கு இது போதவே போதாது. அப்படியானால் அது தூசித்துகள்களின் மேல் படியும் பனியில்தான் உருவாகிறது என்ற தரப்பு வலுவடைந்தது.

பனித்தரப்பிலும் இந்தியர்கள் இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழு, விண்வெளியை ஒத்த வெற்றிடத்திலும் கடுங்குளிரிலும் நீர்ப்பனி தன் கூண்டுக்குள் மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் சிறைபிடிப்பதை 2019-ல் காட்டியது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பாலமுருகன் சிவராமன் குழுவினரும் விண்பனியை ஆய்வகத்தில் உருவாக்கி ஆராய்கிறார்கள்.

அடுத்த அடி பென்சீன் மீது விழுந்தது. நட்சத்திர மேகங்களில் சின்ன அயனிகள் அசிட்டிலீனை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஆறு கார்பன் வளையத்துக்கு வரும், பிறகு ஹைட்ரஜனைச் சேர்த்து பென்சீனாகும் என்பது கணக்கு. 2025-ல் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ஜைலா ஆய்வகத்தில், லேசரால் குளிர்வித்த கால்சியம் அயனிகளுக்கு நடுவே இந்த வினையைப் படிப்படியாக நடத்திப் பார்த்தார்கள். ஆறு கார்பனும் ஐந்து ஹைட்ரஜனும் கொண்ட அயனிவரை எல்லாம் சரி. அதற்கு மேல் அது அசிட்டிலீனோடும் சேரவில்லை, ஹைட்ரஜனோடும் சேரவில்லை. பாவின் கடைசி இழை பிணைய மறுத்துவிட்டது.

இதனால் மேகத்தில் வளையங்கள் இல்லை என்று ஆகிவிடாது. ரிஷப ராசி மேகத்தில் 2018-ல் பென்சோநைட்ரைலும், 2021-ல் இரட்டை வளையம் கொண்ட சயனோநாஃப்தலீனும், 2024-ல் நான்கு வளையம் கொண்ட சயனோபைரீனும் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. சரக்கு இருக்கிறது, அது வந்த வழியாக நினைத்திருந்தது அடைபட்டிருக்கிறது. வேறு வழி எது என்பதுதான் இப்போதைய போட்டி.

பூமிக்கு என்ன?

விண்வெளிச் சரக்கு கெட்டியான பொருளாகச் சேர்ந்து பயணம் செய்ய முடியும் என்பதற்கு ஆதாரம் கையிலேயே இருக்கிறது. 1969-ல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து நாசா எடுத்துவந்த மண்ணில், பூமியின் உயிர்கள் புரதத்துக்குப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14-ம், மரபுப்பொருளின் ஐந்து காரங்களும் இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். இவை உயிர் அல்ல, உயிருக்கான மூலப்பொருள். அதில் எவ்வளவு மேகத்தின் வாயுவில் பிறந்தது, எவ்வளவு பனியில், எவ்வளவு குறுங்கோளின் உள்ளே நீரோடு சேர்ந்து பிறந்தது என்பதைப் பிரித்துச் சொல்ல, ஒவ்வொரு வினையின் வேகமும் தெரிய வேண்டும்.

அந்தப் பட்டியலில் ஆயிரக்கணக்கான வினைகள் உள்ளன. பலவற்றின் வேகம் ஆய்வகத்தில் அளக்கப்படாமல், ஊகத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு எண் தவறினால் அதற்குப் பின்னால் வரும் சங்கிலி முழுதும் தவறும் என்பதை மெத்தனாலும் பென்சீனும் காட்டிவிட்டன. கணினிக் கணக்கும் கருவியும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே போவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

அடுத்த பெரிய சோதனைக்குத் தேதி குறித்தாயிற்று. நாசாவின் ‘டிராகன்ஃபிளை’ என்ற பறக்கும் கலம் 2028 ஜூலையில் கிளம்பி 2034-ல் டைட்டனில் இறங்குவதாகத் திட்டம். மேலே அயனிகளாகத் தொடங்கி, புகையாகத் திரண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தரையில் படிந்திருக்கும் சரக்கை அது தோண்டி எடுத்து, நிறை நிறமாலைமானியில் போட்டுப் பார்க்கும். திருவனந்தபுரத்திலும் மற்ற இடங்களிலும் போட்டுவைத்த கணக்குகளில் எது தேறும் என்பது அப்போது தெரியத் தொடங்கும்.